பூ கேட்டு வந்தவர்கள்

மைசூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிவிடுவாள் என்று. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் வாங்கவேண்டிய ஒப்புதல் கையெழுத்தைத்தான் சொல்கிறேன். கன்சென்ட் என்போம். காலையில் ஏழு கேஸ் இருந்தால் ஏழு ஃபைலும் எட்டரை மணிக்குள் கையெழுத்தோடு தியேட்டருக்குப் போய்விடும். மற்ற சிஸ்டர்கள் ஒரே குடும்பத்தோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் நான் கான்டீனில் காபி குடித்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதை மறைப்பானேன்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். கட்டிலைச் சுற்றி நிற்பவர்களில் யார் பேச்சு எடுபடுகிறது என்று வாசலிலிருந்தே பார்த்துவிடுவேன். கணவரோ, மூத்த மகனோ, மாமனாரோ, யாராவது ஒருவர் இருப்பார். நேராக அவரிடம் போய், "டாக்டர் எல்லாம் சொல்லிட்டாரல்லா?" என்பேன். டாக்டர் சொன்னது புரியவில்லை என்று எந்த ஆண்பிள்ளையும் நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார். தலையை ஆட்டுவார். "அப்போ இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்று பக்கத்தைப் புரட்டிப் புரட்டி விரலால் காட்டுவேன். படுத்திருப்பவர் அவர் முகத்தைப் பார்ப்பார். அவர் கண்ணைக் காட்டியதும் இவரும் போட்டுவிடுவார். வேலை முடிந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்கும் முயற்சி தொடங்கியபோது படிவத்தை மாற்றினார்கள். கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. உள்ளே இரண்டு வரி வெற்றிடம். என்ன ஆபரேஷன், வேறு வழி உண்டா என்பதை நோயாளியே தன் வாயால் சொல்லவேண்டும், அவர் சொன்னதைச் சொன்னபடியே நாங்கள் அதில் எழுதவேண்டும். இதற்காக எங்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இருக்கிற வேலை போதாதா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒரே வாரத்தில் அதற்கும் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டேன். காலையில் வந்ததும், யாரையும் பார்ப்பதற்கு முன்பே, எல்லா ஃபைலிலும் அந்தக் கட்டத்தில் 'விளக்கம் புரிந்தது என்றார்' என்று எழுதிவைத்துவிடுவேன்.

அப்படி நான் எழுதிய ஒரு ஃபைல் மட்டும் என்னை விட்டுப் போவதில்லை. நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குடலில் புற்று. இனிமேல் மலம் போக வயிற்றில் ஒரு வழி வைத்து, அங்கே ஒரு பையை மாட்டவேண்டியிருக்கும் என்று டாக்டர் மகனிடம் சொல்லியிருந்தார். "அப்பா பயந்துடுவாரு சிஸ்டர், பிறகு நாங்களே மெல்லச் சொல்லிக்கறோம்" என்றார் மகன். எனக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. மூன்றாம் நாள் அந்த மனிதர் போர்வையை விலக்கித் தன் வயிற்றைப் பார்த்தபோது பக்கத்தில் நின்றவள் நான்தான். அவர் சத்தம் போடவில்லை. "இத எப்பம்மா எடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். அது எடுக்கிற பை இல்லை. வீட்டுக்குப் போகிறவரை அவர் மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மகன் ஒன்றும் கெட்ட பிள்ளையில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். என்னிடம் ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அப்படியில்லை. சில நாள் ஒழுங்காகக் கேட்டு எழுதினேன். பிறகு வேலை நெருக்கும்போதெல்லாம் பழைய குணம் வந்துவிட்டது.

என் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மூன்று வார்த்தைக்கு ஒரு கன்னட வார்த்தை கலந்த தமிழ் என்னுடையது. ஆனாலும் எங்கள் வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்துத் தமிழைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'என்' என்பதை 'என்ற' என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்' போட்டு அவர்கள் பேசும்போது, திட்டினால்கூட மரியாதையாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாவும் ஹனூர் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். நாற்பத்தாறு வயது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் பட்டுப்புழு வளர்ப்பவர். கூட வந்தது கணவரும் கணவருடைய அக்காவும். நாத்தனாரை அவர்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவார்கள். வலது மார்பில் கட்டி, சதைப் பரிசோதனையில் புற்று என்று வந்திருந்தது, நல்லவேளையாக ஆரம்பநிலை. தியேட்டர் லிஸ்டில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. பக்கத்தில், வலது மார்பு முழுவதும் அகற்றுதல் என்று எழுதியிருந்தது.

அன்று காலை என் வீடு இருக்கும் அக்ரஹாரத்திலிருந்து வரும் வழியில் என் ஸ்கூட்டர் பஞ்சர். ஆட்டோ பிடித்து வந்துசேர்ந்தபோது மணி எட்டு ஆகிவிட்டது. ஃபைல்களில் முன்கூட்டியே எதையும் எழுதிவைக்க நேரமில்லை. எரிச்சலோடுதான் அந்தக் கட்டிலுக்குப் போனேன். கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே வாடிப்போன ஒரு செவ்வரளிப் பூ.

"சாமி உத்தரவு குடுத்துருச்சுங்க சிஸ்டரம்மா. சோத்தாங்கைப் பக்கமே உழுந்துச்சுங்க. எங்க கையெழுத்துப் போடோணும்னு மட்டும் சொல்லுங்க."

பூ கேட்பது எங்கள் பக்கமெல்லாம் வழக்கம். ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று மனதில் நினைத்துக்கொண்டு, குலதெய்வத்தின் சிலைமேல் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலது பக்கம் விழுந்தால் செய்யலாம், இடது பக்கம் விழுந்தால் ஆகாது. கன்னடக்காரர்களும் கேட்பார்கள், நாங்களும் கேட்போம். என் கல்யாணத்துக்கே எங்கள் வீட்டில் பூ கேட்டார்கள். வலது பக்கம்தான் விழுந்தது, அந்தக் கதை இப்போது வேண்டாம். ஆக, பூவோடு வந்த குடும்பம் என்றால் எனக்கு நிம்மதி. கையெழுத்துக்குத் தகராறு இருக்காது.

அந்த அம்மா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிப் பின்னி, போட்டோ பிடிக்க உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். கட்டம் காலியாக இருந்ததால் நான் கேட்கவேண்டியதாயிற்று.

"உங்களுக்கு என்ன ஆபரேஷன் பண்ணப்போறாங்க? நீங்களே சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

அவர் கணவரைப் பார்த்தார். பிறகு, "கட்டிய எடுக்கறாங்கங்க" என்றார்.

"எங்கே இருக்கு, கை வெச்சுக் காட்டுங்க."

ஒரு விரலைச் சட்டையின்மேல் வைத்தார். ஒரே ஒரு விரல். "இந்தால இருக்குதுங்க. கொட்டப்பாக்குத் தண்டிதானுங்க. அத எடுத்துப்போட்டு நாலு தையல் போட்டுருவாங்கன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாருங்க. ஏனுங்க, வெசாழக்கெழமைக்குள்ள ஊருக்குப் போயிரலாமுங்களா? புழு கூடு கட்டற நேரமுங்க."

என் கையில் பேனா இருந்தது. எதிர்ப் பக்கத்தில் வலது மார்பு முழுவதும் என்று அச்சாகியிருந்தது. இந்த அம்மாவின் விரல் அதில் பாக்களவு இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. 'விளக்கம் புரிந்தது என்றார்' என்று எழுத எனக்கு இரண்டு நொடி போதும். பேனாவைக் கட்டத்தின்மேல் வைத்துக்கூட விட்டேன். அந்த நஞ்சன்கூட்டு மனிதரின் கேள்வி காதில் கேட்டது. இவரும் மூன்றாம் நாள் கட்டை அவிழ்க்கும்போது என் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்காது. பேனாவை மூடினேன். உடனே எனக்குக் கோபம் வந்தது. என்மேல் வரவேண்டிய கோபம் கணவர்மேல் வந்தது.

அவரையும் அவருடைய அக்காவையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். "அவங்களுக்கு என்ன ஆபரேஷன்னு நீங்க சொல்லவே இல்லியா?" என்று எடுத்த எடுப்பில் எகிறினேன்.

அவர் ஆடிப்போய்விட்டார். "எப்பிடிங்க சொல்றது? அவ அம்மாளும் இந்த நோவுலதானுங்க போனாங்க. பேரக் கேட்டாலே உசுரு போயிருமுங்க அவளுக்கு. மொதல்ல காரியம் முடியட்டும், பொறகு சொல்லிக்கலாம்னு..."

"டாக்டர் உங்ககிட்ட ரெண்டு வழி சொன்னாரல்லா?"

"சொன்னாருங்க. கட்டிய மட்டும் எடுத்தா பொறகு வாரக்கணக்குல தெனமும் வந்து கரண்டு வெச்சுக்கோணும்னாருங்க. தெனமும் ஹனூருல இருந்து மைசூருக்கு எப்பிடிங்க வாரது? அதுனால முழுசா எடுத்துருங்கன்னுட்டனுங்க." கரண்டு என்று அவர் சொன்னது கதிர் சிகிச்சையை.

அக்கா இடையில் புகுந்தார். உயரமான, கண்டிப்பான அம்மாள். "சாமியே உத்தரவு குடுத்தாச்சு. நீங்க என்னுங்க புதுசா வந்து தடை சொல்றீங்க?"

"சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"ஆப்பரேசன் பண்ணலாமான்னு கேட்டோமுங்க."

"எந்த ஆபரேஷன்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூ கேட்பதில் ஒரு முறை உண்டு. யாருடைய காரியமோ அவர்தான் குளித்துவிட்டு ஈரத்துணியோடு சாமிக்கு முன்னால் நிற்கவேண்டும். எனக்கே தெரிந்த முறை அது. "பூ கேட்டப்போ உங்க வீட்டம்மா அங்க நின்னாங்களா?" என்று கேட்டேன்.

"அவளுக்குப் புழுவுக்குத் தழை போடற வேலைங்க. அவளுக்குப் பதுலா நாந்தான் ஈரத்துணியோட நின்னனுங்க" என்றார் அக்கா. சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அவருக்கும் ஏதோ உறைத்திருக்கவேண்டும்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இவர்களை ஏச எனக்கு என்ன யோக்கியதை? சாமியிடம் கேட்டார்கள், அக்கா ஈரத்துணியோடு நின்றார், கணவர் நாள் முழுக்கப் பட்டினி கிடந்திருப்பார். நாங்கள் டாக்டரை வைத்துக் கணவரிடம் கேட்டோம், மூன்று இடத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டோம், தரச்சான்று வாங்கி வரவேற்பறையில் மாட்டினோம். இரண்டு கூட்டமும் சேர்ந்து கேட்காமல் விட்டது கட்டிலில் தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஒரு ஆளை.

அதற்குள் தியேட்டரிலிருந்து டாக்டர் போன் செய்துவிட்டார். நல்ல கை. மனிதரும் நல்லவர்தான். ஆனால் லிஸ்ட் தாமதமானால் அவருக்குப் பொறுக்காது.

"சிஸ்டர், சைன் ஆயித்தா?"

ஆகவில்லை என்றேன். ஏன் என்றார். நோயாளிக்கு எதை எடுக்கப்போகிறோம் என்பதே தெரியாது என்றேன். கணவரிடம் எல்லாம் விவரமாகச் சொன்னேனே என்று கன்னடத்தில் கத்தினார். "ஆபரேஷன் கணவருக்கு இல்ல சார்" என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு டாக்டரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேஸ் முடிந்ததும் அவர் வார்டுக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனாலும் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அதற்காகவே அவரை நான் மன்னித்துவிட்டேன். அவர் கன்னடத்தில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். ஆனாலும் டாக்டர் சொன்னதும் என் பக்கம் திரும்பி, அதையே தமிழில் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். புற்று என்ற சொல் வந்தபோது கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. மார்பு முழுவதும் என்று நான் சொன்னபோதுதான் அவர் கை தானாகப் போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"முழுசுமுங்களா?"

"முழுசும் எடுக்கறது ஒரு வழி. கட்டியையும் சுத்தி இருக்கிற சதையையும் மட்டும் எடுக்கறது இன்னொரு வழி" என்றேன்.

அந்த அம்மா டாக்டரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அதை அப்படியே கன்னடத்தில் சொன்னேன்.

"எங்க புழுவுல ஒரு சீக்கு வருமுங்க. புழு செத்துச் சுண்ணாம்புக் கட்டியாட்ட ஆயிரும். அத மட்டும் பொறுக்கி வீசிப்போட்டு, மருந்து தூவுனா மிச்சத்தக் காப்பாத்திரலாமுங்க. இன்னொரு சீக்கு இருக்குது. அது வந்துச்சுன்னா மொத்தப் புழுவையும் கொளுத்திரோணும். என்றது எந்தச் சீக்குங்க?"

டாக்டரின் கோபம் எங்கே போயிற்றோ தெரியாது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "மொதல் மாதிரிதாம்மா" என்று தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார். பிறகு கன்னடத்தில் விளக்கினார். இந்த நிலையில் இரண்டு வழியும் உயிரைக் காப்பாற்றுவதில் ஒன்றுதான். கட்டியை மட்டும் எடுத்தால் அதன்பிறகு கதிர் வைத்துக்கொள்வது கட்டாயம், மீதி இருக்கும் மார்பில் திரும்ப வருகிறதா என்று வருடா வருடம் பார்த்துக்கொண்டும் இருக்கவேண்டும். முழுதும் எடுத்தால் பெரும்பாலும் கதிர் தேவைப்படாது, ஆனால் மார்பு போய்விடும். எது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார்.

"இப்பவே சொல்லோணுமுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அவருடைய லிஸ்ட் எனக்குத் தெரியும். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, நாளை மறுநாள் வைத்துக்கொள்ளலாம், இரண்டு நாளில் ஒன்றும் குடி முழுகிவிடாது என்றார். அடுத்த வாரம் வேறொரு நோயாளிக்கு அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டதைப் பார்த்தேன்.

அன்று பிற்பகல் டியூட்டி முடிந்த பிறகும் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அந்தக் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கணவரும் அக்காவும் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோவு என்னன்னு எனக்குத் தெரியுமுங்க அக்கா" என்றார் திடீரென்று. "எங்கம்மாளுக்குப் புண்ணுக் கழுவி விட்டவ நாந்தானுங்க. கையில கட்டி தட்டுப்பட்ட அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. இவரு வந்து சாதாக் கட்டின்னாரு. சரி, அவரு அதத் தாங்கறாருன்னா அப்பிடியே இருக்கட்டும்னு நானும் தலையாட்டுனனுங்க. ஆனா எத எடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியலீங்க. கட்டியத்தான்னு நெனச்சனுங்க."

எத்தனை வீட்டில் இப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று எண்ணி ஊமையாய்ப் போய்விடுகிறார்களோ என்று எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்கக்கா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று அந்த பிஸ்கட் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லலாம் என்று இருந்திருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. "எனக்குத் தெரியலம்மா. நெஜமா தெரியல" என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். இந்த இரண்டையும் செய்துகொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். வலி எத்தனை நாள், கை தூக்கமுடியுமா, மல்பெரிக் கட்டைத் தூக்கலாமா, ரவிக்கை போட்டால் வெளியே தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை டாக்டரிடம் கேட்க எழுதிவைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பத்து நிமிடத்தில் முடிக்கிறவள் நான்.

மறுநாள் அக்கா ஒரு யோசனை சொன்னார். இவள் இன்னும் சாமியிடம் கேட்கவில்லை. நஞ்சன்கூடு கோயில் பக்கத்தில்தானே இருக்கிறது, ஓர் எட்டுப் போய், இந்த முறை கேள்வியைச் சரியாகக் கேட்டு, இவளையே ஈரத்துணியோடு நிற்கவைக்கலாமே என்று. நல்ல மனதோடுதான் சொன்னார். செய்த தவறைச் சரிசெய்ய அவருக்குத் தெரிந்த வழி அது.

"வேண்டாமுங்க நங்கையா" என்றார் அந்த அம்மா. "ராத்திரியெல்லாம் நானே யோசிச்சுட்டனுங்க."

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அந்த அம்மா இப்போதும் செக்கப்புக்கு வரும்போது எனக்கு ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுவருகிறார். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்களுக்கு மனசு அடித்துக்கொண்டே இருக்கும். நான் சொல்லவந்தது அதற்கு முந்திய பத்து நிமிடத்தை.

குறித்த நாள் காலை ஃபைலை எடுத்துக்கொண்டு போனேன். கட்டம் காலியாகத்தான் இருந்தது. கணவரும் அக்காவும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள்.

"சொல்லுங்க" என்றேன்.

"எழுதிக்குங்கக்கா. என்ற வலது மார முழுசா எடுக்கறாங்க. கட்டிய மட்டும் எடுக்கற வழியும் இருக்குது. அது எனக்கு வேண்டாமுங்க. மிச்சத்துல எப்ப வருமோ எப்ப வருமோன்னு தெனமும் தடவிப் பாத்துட்டு என்னால உக்கார முடியாது. எங்கம்மாளப் பாத்தாச்சு."

அவர் சொன்னது இரண்டு வரியில் அடங்கவில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினேன், பிறகு கட்டத்துக்கு வெளியேயும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். ஆமாம் என்றார். பேனாவை வாங்கி, நோயாளி என்று போட்டிருந்த இடத்தில் கன்னடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கணவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவர் முகமே மலர்ந்துவிட்டது. "இதையேதான புள்ள நானும் மொதல்லயே சொன்னேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்த அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"சொன்னீங்க மாமா. டாக்டருகிட்டச் சொன்னீங்க. நங்கையாகிட்டச் சொன்னீங்க. கோயிலுக்குப் போயிச் சாமிகிட்டயுஞ் சொன்னீங்க. எடுக்கறது என்ற மாரு. என்கிட்டச் சொன்னீங்களா?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கண் நிறைந்து வழிந்ததைத் துண்டால் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து, பேனாவை விரல்களுக்கிடையில் வைத்தார். வழக்கப்படி அவர் கை காகிதத்தின் மேல்பகுதிக்குப் போயிற்று. நோயாளிக்காக முடிவெடுக்கும் உறவினர் என்று அச்சடித்த இடம் அது.

"அங்க இல்லீங்க" என்று அவர் கையைக் கீழே நகர்த்தினார். "சாட்சிங்கற எடத்துல போடுங்க."

அவர் போட்டார்.